இரண்டாம் வகுப்பு பாஸ்: அண்ணனூரிலிருந்து பூந்தமல்லி வரை

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாடியில் கம்பெனி வேலை பார்த்த என் தங்கை புருஷன், மகள் செல்வியை மூன்றாம் வகுப்பு பாதியிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். "பள்ளிக்கூடம் கைகட்டி நிக்கத்தான் கத்துத் தருது, மச்சான். எம் பொண்ணு சொந்தக் கால்ல நிக்கணும்" என்பது அவர் கட்சி. வீட்டிலேயே பாடம் சொல்லித் தந்தார். பதிமூன்று வயதில் அவள் ஃபியூஸ் போடுவாள், பஞ்சர் ஒட்டுவாள், வட்டிக் கணக்கை வாயாலேயே போடுவாள். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் தாவணி யூனிஃபார்மில் போவதைப் பார்த்து, "மாமா, என்னயும் ஒம்போதாவது சேத்துவுடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவடியில் எல்லாப் பள்ளியும் கைவிரித்தாகிவிட்டது. பூந்தமல்லியில் எனக்குச் செல்வாக்கு உண்டு. அண்ணனூரில் ரயிலேறினால் அடுத்த ஸ்டேஷன் ஆவடி. அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பஸ்ஸில் நின்ற கூட்டம் திருப்பதியில்கூட நிற்காது. கண்டக்டர், "இன்னா நைனா, படிக்கட்லயே குடித்தனமா? உள்ள போ!" என்றார்.

என்னைப் பார்த்ததும் தலைமையாசிரியை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். செல்விக்குக் கணக்கு கொடுத்தார், போட்டாள். இங்கிலீஷ் பத்தி கொடுத்தார், படித்தாள். அந்த அம்மாள் முகமே மலர்ந்தது.

"எந்த வகுப்பும்மா படிச்சே?"

"வகுப்பெல்லாம் இல்ல டீச்சர். எங்க ஊட்ல ஒரே ரூம்தான்."

டி.சி.யை நீட்டினேன். அதில் இரண்டாம் வகுப்பு பாஸ் என்று இருந்தது. அந்த அம்மாள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"அறிவான பொண்ணுதான். ஆனா ரூல்படி மூணாவதுலதாங்க சேர்க்க முடியும்."

அதே காம்பவுண்டில்தான் மூன்றாம் வகுப்பு. செல்வி நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் மேஜைக்கடியில் நுழையவில்லை. "டேய், புது டீச்சர்டா!" என்று கத்திக்கொண்டு வகுப்பே எழுந்து நின்றது. "வணக்கம் டீச்சர்" என்று ராகம் போட்டார்கள். அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

திரும்பும்போது நான் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். "மாமா, இது திருவள்ளூர் போற வண்டி, எறங்கு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். சரியான பஸ்ஸைப் பிடித்தவளும் அவள்தான், கூட்டத்தில் எனக்கு இடம் போட்டவளும் அவள்தான். அவளுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை, அதை எழுதிக் காட்ட ஒரு காகிதம்தான் இல்லை. ஆவடி வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பரவால்ல மாமா, நானே படிச்சிக்கிறேன்" என்றாள்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பரீட்சை எழுத ஒரு வழி தேடி வையுங்கள். பூந்தமல்லிக்குக் காலையிலேயே கிளம்புங்கள், வெயில் தாங்காது.

நான் நிறையக் கூட்டிச் சொல்கிறவன் என்று என் தங்கை சொல்வாள். தலைமையாசிரியை எழுந்தாரா இல்லையா, அது கிடக்கட்டும். செல்வி சிரித்தது மட்டும் நான் சேர்த்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. ஆவடி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.