பென்சீன் பிரித்த நான்கு வருடங்கள்

பெற்றோலில் இருந்து பென்சீனைப் பிரிக்கிற வேலை கேட்பதற்குப் பெரிய விஞ்ஞானம். செய்தால் பெரும்பாலும் காத்திருப்புத்தான். ரொறன்ரோவில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் நான்கு வருடம் காத்திருந்தேன். சுத்திகரிப்பு ஆலை அனுப்புகிற பெற்றோலை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வின் மேல் ஓடவிடுவோம். புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் சவ்வில் கரைந்து மறுபக்கம் போகவேண்டும், மற்றவை நிற்கவேண்டும். நிற்காது. சொல்வழி கேளாத சாமானோடு மாரடித்த எல்லோருக்கும் இது விளங்கும்.

ஒன்பதாம் நாள்

முதல் சவ்வு எட்டு நாள் அருமையாக வேலை செய்தது. அந்தத் துணிவில் மனேஜர் ஆலையின் எஞ்சினியரை வரச் சொன்னார். அவர் வந்த அன்று காலை சவ்வு பென்சீனைக் குடித்து ஊதிப்போய், எல்லாவற்றையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. பென்சீனை விரும்புகிற சவ்வுதான் அதை உள்ளே விடும், அந்த விருப்பமே சவ்வைக் கெடுக்கும் என்று நான் விளங்கப்படுத்தினேன். எஞ்சினியர் அறிக்கையை மூடிவிட்டுக் கேட்டார்: "நாங்கள் தந்ததையே எங்களுக்குத் திருப்பித் தாறீங்களா?"

மணம்

சவ்வுகளை மாற்றிப் பூட்டுகிறவர் மட்டக்களப்பைச் சேர்ந்த குணம் அண்ணை. நகரத்துக்கு வெளியே தூரத்து ஸ்ரௌவ்வில்லில் இருந்து வந்தாலும் எல்லோருக்கும் முதல் வந்து நிற்பார். ஒரு திங்கள் காலை நான் கதவைத் திறந்ததும் பென்சீனின் இனிப்பு மணம் மூக்கில் அடித்தது. கசிவு அலாரம் அடிக்கவில்லை. அது பழுது என்று போன கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, நான் பிறகு கேட்கவே இல்லை. அண்ணை கசிவுக்குப் பக்கத்திலேயே, முகமூடி இல்லாமல், நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

கார் நிறுத்துமிடத்துப் பனிக்குள் நின்று அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்டும் மணக்கல்லயே, தங்கச்சி. எப்ப இருந்து மணக்கல்ல எண்டும் தெரியல்ல."

முன்மேசை

அண்ணையின் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் குறைவு என்று வந்தது; பென்சீன் செய்கிற வேலை. ஆய்வுகூடத்துக்குள் வரக்கூடாது என்று அவரைப் பார்சல் வாங்குகிற முன்மேசையில் இருத்தினார்கள். அலாரத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதைக் காதில் வாங்காமல், தான் கடைசியாகப் பூட்டிய சவ்வைப் பற்றி விசாரித்தார். மூன்று மாதமாக வீங்கவில்லை என்றேன். "அப்ப நான் பூட்டினது வீண் போகல்ல."

கடைசிக் கூட்டம்

அந்தச் சவ்வு ஆறு மாதம் தாங்கியது. எஞ்சினியர் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். அந்தப் பெற்றோல் வருகிற பகுதியையே ஆலை மூடப்போகிறதாம். போகும்போது என் கையைக் குலுக்கினார்: "உங்கட சவ்வில ஒரு குறையும் இல்லை. பிரிக்கிறதுக்குத்தான் எங்களிட்ட இனி ஒண்டும் இல்லை."

நான்கு வருடத்தில் ஒரு சவ்வைப் பழுதாகாமல் வைத்திருக்கப் படித்துவிட்டோம். அதைப் பூட்டிய மனிதரை அப்படி வைத்திருக்கத்தான் ஒருவரும் படிக்கவில்லை.