பூட்டிய வீட்டுக்குள் என் வெளிநாட்டுப் பயணம்

பதினோரு வருஷமாக நான் செத்த பொம்பளை. தொலைக்காட்சியில்தான். வாராவாரம் வரும் அந்தச் சிரிப்புத் தொடரில், கூடத்துச் சுவரில் மாமியார் படம் ஒன்று தொங்குமே, அது நான். மருமகன் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டு அந்தப் படத்தைப் பார்த்து நடுங்குவான், ஊரே சிரிக்கும். மற்றபடி நான் நடிகை இல்லை. நடிகர்களின் துணிக்கு இஸ்திரி போடுகிறவள். புருஷன் போன பிறகு பிடித்த இஸ்திரிப் பெட்டி. முதல் நாள் படப்பிடிப்பில் சுவரில் மாட்ட ஒரு முறைச்ச முகம் வேண்டுமென்று தேடினார்கள். டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் யாரும் தேடவில்லை.

போன வருஷம் அந்தக் குடும்பத்தையே வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் அனுப்பி, முழுநீளப் படமாக எடுப்பதென்று முடிவானது. மருமகன் போகிற இடமெல்லாம் மாமியார் படமும் போகுமாம். ஓட்டல் அறைக்கு, கடற்கரை நாற்காலிக்கு. நான் வெளிநாடு போகிறேன் என்று அன்று சாயங்காலமே தெருவில் சொல்லிவிட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. கூப்பிடாமலா போவார்கள்? பாஸ்போர்ட் எடுத்தேன். பெட்டி வாங்கினேன்.

"அக்கா, எனக்கு ஒரு வாசனை சோப்பு வாங்கிட்டு வாங்கக்கா," என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

"ஒண்ணு என்னடி, அரை டஜனே வாங்கிட்டு வரேன்."

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, என் படத்தைப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள்.

"அப்ப நானு?" என்று தயாரிப்பு மேனேஜரைக் கேட்டேன்.

"நீங்க எதுக்கும்மா? துணி தேய்க்க அங்கயே ஆள் இருக்கு."

புத்தியுள்ளவள் தெருவில் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் என்ன செய்தேன்? அவர்கள் விமானம் ஏறிய அன்று, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பெட்டியோடு வாடகை வண்டியில் ஏறினேன். தெருவே கையசைத்தது. நாலு தெரு தள்ளி இறங்கி, மொட்டை வெயிலில் பின்சந்து வழியாக வந்து, பின்கதவால் என் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நுழைந்தேன்.

குக்கர் வைத்தால் விசில் காட்டிக் கொடுத்துவிடும். பிரெட்டும் வாழைப்பழமும்தான். தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மினேன். "பாவம், அங்க அக்கா என்ன சாப்பிடுறாங்களோ," என்று தையல்காரி வாசலில் கவலைப்பட்டாள். நான் பத்தடி தூரத்தில் பிரெட் மென்றுகொண்டிருந்தேன்.

ஆறாம் நாள், ஆபீஸைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிய மேனேஜர் வந்து பூட்டை ஆட்டினார்.

"அவங்க உங்க ஆளுங்க கூட ஃபாரின்ல இல்ல இருக்காங்க?" என்றாள் தையல்காரி.

"ஃபாரினா? அவங்க படத்தத்தான் அனுப்பினோம். அதுவும் பெட்டியோட எங்கயோ தொலைஞ்சு போச்சு. இன்னொரு படம் வச்சிருப்பாங்கன்னு வந்தேன்."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் டைரக்டருக்குப் போன் போட்டார்.

"சார், வீடு பூட்டிக் கெடக்கு. எங்க பெரியம்மா படம் ஒண்ணு இருக்கு, அனுப்பிடவா? முறைப்பா? இல்ல சார், லேசா சிரிச்ச மாதிரி இருக்கும்."

பேசாமல் இருந்தால் மானம் மிஞ்சும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன் என்று பின்னால் புளுகிக்கொள்ளலாம். ஆனால் சிரித்த மூஞ்சியா? என் சுவரிலா? பின்சந்தைச் சுற்றி வாசலுக்கு ஓடி வருவதற்குள் அவர் போய்விடுவார். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன்.

"ஏய், இந்தச் சாவியப் பிடி!"

தையல்காரி போட்ட கூச்சலில் இரண்டு பேர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

கதவு திறந்தது. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப புதுசா போட்டோ எடுத்தா ஆகாதும்மா. செத்தவங்களுக்கு வயசாகக் கூடாது."

"தெரியும்யா." அந்தப் படத்தின் இன்னொரு பிரதி என் பெட்டியில்தான் இருந்தது, அங்கே போய் நாலு பேரிடம் காட்டவென்று வைத்தது. அவர் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். நான் ஆறு நாளாகப் போகாத ஊருக்கு அது ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது.

தையல்காரி திறந்த பெட்டிக்குள் கையை விட்டாள். "சோப்பு! அக்கா, இதுல நம்ம மூலைக்கடைச் சீட்டு ஒட்டியிருக்கே?"

எனக்கா படிக்கத் தெரியும்? அட்டையில் பூப்படம் நன்றாக இருந்தது, வாங்கினேன்.

நான் அவளை முறைத்தேன். பதினோரு வருஷமாக என்ன நடக்குமோ அதேதான் நடந்தது. தெருவே சிரித்தது.