ஸ்பீக்கரிலிருந்து ரிசீவருக்கு

மண்டபம் என்ற கடலோர ஊரில் ஓர் ஐஸ் கம்பெனி அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் பில் போடுவதற்கு மிஞ்சும். ஐஸ் இருக்கிறதா என்று படகுக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்பார். அதனால் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த அலுவலக எண் ஒன்றுதான். என் செல்போன் எண் அவருடைய போனில் வெறும் பெயராகத்தான் இருந்தது.

எல்லை தாண்டியதாக அவருடைய படகு பிடிபட்டு, அவர் இலங்கையில் சிறையில் இருந்தபோது, இன்றைக்குப் பேச விடுவார்கள் என்று வக்கீல் மூலம் தகவல் வந்தது. என் மாமனார் பாம்பனிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பூசைக்குப் போகிறவர் போல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை படிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மணி அடித்தது. ஹெட்செட்டில் எடுத்தேன்.

"ஏ புள்ள, நாந்தேன். நல்லாருக்கேன். ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். மொதல்ல அய்யாட்ட குடு, பயந்து போயிருப்பாரு."

"இங்கனதான் இருக்காங்க" என்றேன். நான் பேசியது அவ்வளவுதான். இருவருமே கேட்கலாமே என்று ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினேன். பின்பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாருக்குக் காது வேறு மந்தம். "என்ன தாயி சொல்றான்?" என்று என் முகத்தையே பார்த்தார். ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தேன். எடுத்ததுமே ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. அதன்பிறகு அந்தக் குரல் அவருக்கு மட்டும்தான்.

"ஏலே, சோறு ஒழுங்காப் போடுறாங்களா? கொரலு ஒரு மாதிரி இருக்கே, சளி புடிச்சிருக்கா?"

பிறகு வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் மீசையில் இறங்கியது. "சரிய்யா. இரு, தாயி பேசும்" என்றவர், ரிசீவரைப் பக்குவமாக அதன் இடத்தில் வைத்தார். நான் கை நீட்டுவதற்குள் லைன் அறுந்து, போனில் விளக்கு அணைந்துவிட்டது.

"இப்ப நீ பேசு தாயி" என்றார்.

முதலில் ஸ்பீக்கரில் கேட்ட குரல் இன்னும் அங்கேயே இருக்கும் என்று நினைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ரிசீவரை மறுபடி எடுத்து, "ஏலே... ஏலே" என்று கூப்பிட்டார். மேனேஜர் வந்து, திரும்பக் கூப்பிடுவார்கள், லைனை விட்டு வையுங்கள் என்றார். அலுவலகம் பூட்டும் வரை இருந்தோம். கூப்பிடவில்லை.

விடுதலையாகி வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் கேட்டேன். "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீக?"

"அங்கன இருந்தப்ப தெனமும் அதையேதான் நெனச்சேன் புள்ள. இப்ப ஞாபகம் வரல."

பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாமனார் இப்போது எந்தப் போனையும் தொடுவதில்லை. வீட்டில் செல்போன் அடித்தால் என்னைக் கூப்பிடுவார். "ஒங்க மேல தப்பில்ல மாமா" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"அது ஒனக்கு வந்த போனு தாயி" என்பார்.