காரின் மேல் போட்ட மார்கழிக் கோலம்

எதிர் வீட்டுக்காரருக்கு நான் செய்ததை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொன்னதற்கே, "ஒனக்கு எதுக்குடி இம்புட்டு வன்மம்?" என்று கேட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரை விளாங்குடியில், குறுகலான தெருவில் இருக்கிறது. என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. போன மார்கழி பிறந்தபோது மீனாட்சியிடம் நேர்த்தி வைத்தேன். மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் விடியுமுன் வாசலில் கோலம் போட்டு, சாணியில் பூசணிப்பூ வைக்கிறேன் என்று. கடையில் விற்கும் கல்லுப்பொடி வேண்டாம், பச்சரிசி மாவுதான். எறும்பும் தின்னட்டும், அந்தப் புண்ணியமும் அவளுக்குச் சேரட்டும் என்று நினைத்தேன்.

எதிர் வீட்டுக்காரர் புதிதாக மூன்று மாடி கட்டியவர். கார் நிறுத்தக் கட்டிய இடத்தை டீக்கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் விடியற்காலை வாளியும் விளக்குமாறுமாக வந்தால், அவருடைய வெள்ளைக் கார் எங்கள் கேட்டை ஒட்டி நிற்கிறது. ஒரு முழம் இடமில்லை. படியோரத்து இடுக்கில் நாலு புள்ளி வைத்து ஒப்பேற்றினேன். மனசு கேட்கவில்லை.

அவர் டீ குடிக்க இறங்கியதும் போய்க் கேட்டேன். "தம்பி, இந்த மார்கழி மட்டும் காரக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க. மகளுக்காக நேர்ந்திருக்கேன்."

"ரோடு எல்லாருக்கும் பொதுக்கா. ஒங்க கோலத்துக்குப் பட்டா இருக்கா?"

டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் போதவில்லை. "பிள்ள வேணும்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரோட்டுல மாவக் கொட்டுனா பொறந்துருமா?"

நாலு பேர் சிரிக்கிற இடத்தில் என் மகளை இழுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். 'என் மனசை அடக்கு தாயே' என்று வேண்டியிருக்க வேண்டும். நான் வேண்டியது வேறு.

அன்று சாயங்காலம் பச்சரிசியை ஊறவைத்து அரைத்தேன். கூடவே அரைக் கிலோ சீனியையும் போட்டு அரைத்தேன்.

மறுநாள் விடியற்காலையும் கார் அதே இடத்தில்தான் நின்றது. துணியை மாவில் நனைத்து, சாக்கடையோரத்து வேப்பமரத்தடியில் இருந்த கடியெறும்புப் புற்றிலிருந்து டயர் வரைக்கும் ஒரு கொடி இழுத்தேன். பம்பரில் ஏற்றினேன். பானட் நிறைய சிக்குக் கோலம். கடைசி இழையைக் கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே போகிற இடுக்கில் கொண்டுபோய் விட்டேன். நடுவில் பூசணிப்பூ. என் ஆயுசில் அப்படியொரு கோலம் போட்டதில்லை. ஓர் இழைகூடப் பிசகவில்லை.

விடிந்ததும் தெருவே வந்து போனில் படம் எடுத்தது. அவர் இறங்கி வந்தார். என்ன ஏதென்று கேட்பார் என்று கேட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அவரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார்.

"பாத்தியா மாப்ள, நேத்து சண்டைக்கு வந்த அக்கா இன்னைக்கு நம்ம வண்டிக்கே கோலம் போட்டுருச்சு. அந்தப் பயம் இருக்கணும்ல! யாரும் அழிச்சுராதீங்கப்பா, மங்கலம்."

கோலம் கலையக் கூடாதென்று மூன்று நாள் வண்டியையே எடுக்கவில்லை. நானும் தினம் விடியுமுன் அதே மாவால் இழை மேல் இழை ஓட்டி, புதுப் பூ வைத்தேன். மூன்றாம் நாள் டயரில் சிவப்பு நூல் கட்டியதுபோல எறும்பு வரிசை ஏறியது. அவர் சீட்டடியில் சிந்தியிருந்த மிக்சரும் ஜிலேபியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். "திருப்பரங்குன்றம் போயி முருகனப் பாத்துட்டு வாரேன்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு ஏறினார். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டார். வண்டி இரண்டு வீடு தாண்டவில்லை, நின்றுவிட்டது. கதவு திறந்தது. மனுஷன் வெளியே பாய்ந்தார். வேட்டி வண்டியிலேயே தங்கிவிட்டது. டவுசரோடு நடுத்தெருவில் தொடையை அடித்துக்கொண்டு குதித்தார்.

"அண்ணே, என்னண்ணே, சாமி வந்துருச்சா?"

"எறும்புடா! கடிக்குதுடா!"

"எங்கண்ணே?"

"அதச் சொல்லணுமாடா?"

அன்றைக்குச் சிரித்த அதே நாலு பேர்தான். இன்றைக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

நான் வாளியோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். "தம்பி, பட்டா இல்லாத எறும்பு போலருக்கு."

என்னைப் பார்த்தார். பிறகு பானட்டில் இருந்த கோலத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நான் பயந்துபோய்க் கோலம் போட்டதாக ஊருக்கே சொன்னவர், இப்போது என்ன சொல்வார்? அன்று முதல் கார் பஸ் ஸ்டாப் பக்கத்துக் காலி மனையில் நிற்கிறது. என் வாசல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் நேர்த்தியை முடித்தேன்.

மகளிடமிருந்து இன்னும் சேதி இல்லை. காத்திருக்கிறோம்.

கடைசி நாள் கோயிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால் அந்த வேட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது, சிரிப்பு முட்டியது. வரிசையில் பின்னால் நின்றவர் முறைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "தாயே, கோலம் ஒனக்குப் போட்டது. சீனி அவருக்குப் போட்டது. சீனிக்குத் தண்டனை உண்டுன்னா அத எனக்குக் குடு. எம்மக தலையில வச்சிராத."

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.