கையாலைக்கு அந்தப் பக்கத்துக் காடு

விஜயம்மா டீச்சருக்கு வாய் கொஞ்சம் கூடுதல் என்று பாறசாலையை அடுத்த செங்கல் ஊர்ப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை அவளுடைய அங்கன்வாடியில் விட்டுவிட்டு, சாயங்காலம் வரை கவலையே இல்லாமல் வேலைக்குப் போகிறவர்கள். அங்கன்வாடிக்கு வரும் கோதுமையில் வண்டு கிடந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்புவாள். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்பாள். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்த ஒருவனை, அவன் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தபோது வாசலில் நிறுத்திக் கேட்ட கேள்வியில், அவன் ஒரு மாதம் வேறு வழியாக நடந்தான். அந்த வாய் இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகள் பாடு என்னவாகியிருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

அங்கன்வாடி அவளுடைய வீட்டு முன்னறையில்தான் நடந்தது. பத்தொன்பது பிள்ளைகள். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுத் தெற்குச் சன்னலை ஒட்டிப் பாய் விரித்து உறங்கும். அந்தச் சன்னலுக்கு வெளியே எல்லையில் ஒரு மண் சுவர், கையாலை. கையாலைக்கு அந்தப் பக்கம்தான் காடு.

காடு என்றால் மூன்று சென்ட் காடு. கம்யூனிஸ்ட் பச்சை என்று ஊரார் சொல்லும் செடி ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து கிடந்தது. அதன்மேல் உண்ணிச்செடி ஏறியிருந்தது. நடுவில் ஒரு தென்னை. அதன் மட்டைகள் விழுந்த இடத்திலேயே மக்கின, தேங்காய்கள் விழுந்த இடத்திலேயே முளைத்தன. காடு என்று ஒன்று இருந்தால் ஊருக்குக் கை சும்மா இருக்குமா? இருட்டின பிறகு போகிறவன் காலிக் குப்பியை எறிந்தான், செத்த கோழியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி எறிந்தான். தெற்கேயிருந்து காற்றடித்தால் டீச்சர் சன்னலைச் சாத்திவிடுவாள்.

இடத்துக்காரர் ஸ்தனிஸ்லாஸ். பொழியூர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்த மீன்பிடிக்காரர். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு, தொண்ணூற்றி ஒன்றில், விஜயம்மாவிடமிருந்துதான் இந்தப் பன்னிரண்டு சென்டை வாங்கி வீடு வைத்தார். விடியுமுன் சைக்கிளில் கடற்கரைக்குப் போவார். மனைவி சிசிலி கூடையில் மீன் எடுத்து வீடு வீடாக விற்பாள்.

டீச்சருக்குப் பற்றி எரிந்தது காட்டைப் பார்த்து மட்டுமல்ல. மிச்ச ஒன்பது சென்டைப் பார்த்தும்தான். சிசிலி முற்றத்தில் ஒரு சருகு கிடக்காது. வலையைக்கூட மடித்து ஓலைக்கொட்டகையில் அடுக்கி வைத்திருப்பார்கள். இவ்வளவு சுத்தம் தெரிந்தவர்கள் தன் சன்னலுக்கு நேரே மட்டும் காடு வளர்க்கிறார்கள் என்றால், அது வேண்டுமென்றே வளர்க்கிற காடுதானே?

பின்னே கேட்டுவிடுவதுதானே என்றால், அங்கேதான் டீச்சருடைய வாய் ஆறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அவளைத் தூரத்தில் கண்டாலே ஸ்தனிஸ்லாஸ் மடித்துக் கட்டின கைலியை அவிழ்த்துவிட்டு எழுந்து நிற்பார். சிசிலி எந்த மீன் கொண்டு வந்தாலும் முதல் வீடு டீச்சர் வீடு. ஊரில் வேறு யாரும் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை. ஒரு தடவை, "அந்தக் காட்டை ஒண்ணு பாக்கணும், கேட்டியளா" என்று ஆரம்பித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அதை நாங்க பாத்துக்கிடுவோம், டீச்சர் ஒண்ணும் வெசனப்படண்டாம்" என்றார். என்னத்தைப் பார்த்தார்களோ, அடுத்த மழைக்குக் காடு இன்னும் ஒரு முழம் உயர்ந்தது.

தொண்ணூற்றி ஏழு மே மாதம் பிளாக்கிலிருந்து சூப்பர்வைசர் விமலகுமாரி வந்தாள். பதிவேட்டைப் பார்த்தாள், கஞ்சியை ருசி பார்த்தாள், கடைசியாகச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"டீச்சறே, இதென்ன? பாம்பு வந்தா யாரு சமாதானம் சொல்லுவா? ஜூன் ஒண்ணாம் தேதிக்குள்ள இது போகணும். இல்லேன்னா செண்டரை அடுத்த வார்டு வாசகசாலைக்கு மாத்திருவேன்."

அடுத்த வார்டுக்குப் போனால் அந்த வார்டுக்காரிக்குத்தான் டீச்சர் வேலை. பதினொரு வருஷமாக விஜயம்மாவுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டென்றால் அது 'டீச்சர்' என்பதுதான். அதற்கு முன்னால் இருந்த பெயர் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் பூசை முடிந்து அவர்கள் வரும் நேரம் பார்த்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். சிசிலி இன்னும் பள்ளியில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றிருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் மட்டும் முற்றத்தில் இருந்தார். அவர் எழுந்து கைலியை அவிழ்த்துவிடும்வரைகூட அவள் பொறுக்கவில்லை.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதா? பத்தொம்பது பிள்ளேளு அந்தச் சன்னலுக்க கீழ உறங்குது. அந்தக் காட்டை வெட்ட உங்களுக்கு என்னவாக்கும் நோவு?"

அவர் எழுந்து நின்று மெதுவாகச் சொன்னார். "டீச்சரே இப்பிடிக் கேட்டா நான் என்ன சொல்ல? அங்க நான் எப்பிடி மம்மட்டி வைப்பேன்? உங்களுக்க வீட்டுக்காரரு கெடக்கிய எடமில்லியா?"

"ஆரு?"

"தரகர் ஞானையன் சொன்னாரே. தென்னைக்க மூட்டுல ஆக்கும் அவரை எரிச்சதுன்னு. டீச்சர் அங்க நின்னு ஏங்கி ஏங்கி அழுததை அவரு கண்ணால கண்டதுண்டாம். வெலை பேசப்பிடாது, விதவைக்க மண்ணு, அந்தத் தென்னையத் தொடவும் பிடாதுன்னு சொன்னாரு. நான் அன்னைக்கே சிசிலிட்ட சொல்லிட்டேன், அந்த மூணு சென்டு நம்மளுக்குள்ளது இல்லன்னு. வருஷா வருஷம் நவம்பர் ரெண்டாந் தேதி செத்துப்போன எங்களுக்க ஆளுவளுக்கு மெழுகுதிரி வைக்கும்பம் அவருக்கும் ஒண்ணு கொண்டு வைப்போம். உங்களுக்கு இஷ்டப்படுமோ என்னவோன்னு சொல்லல்ல."

விஜயம்மா ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

தென்னையின் அடிமூட்டில் கிடப்பது அம்மிணி. அவளுடைய பசு. புருஷன் கிருஷ்ணன்குட்டி சாகவில்லை. மரத்தடி ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், எண்பத்தி ஐந்தில் கொட்டாரக்கரைக்கு லோடு கொண்டுபோனான். அங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான். இரண்டு பிள்ளைகளும் உண்டு என்று கேள்வி. அவன் போனபோது விஜயம்மா அழவில்லை. வேலை கிடைக்கும்வரை அம்மிணியின் பாலை விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. மூன்று வருஷம் கழித்து அம்மிணி வயிறு உப்பிச் செத்தபோது, அங்கே குழி வெட்டிப் புதைத்து, மேலே தென்னம்பிள்ளை நட்டுவிட்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதாள். பார்த்தவன் ஞானையன். பேரம் பேசாமல் கிரயம் முடிய அந்த அழுகையை எடுத்து விற்றுவிட்டான். அவன் முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தான். உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்குப் போயிருப்பான்.

இனிச் செய்யவேண்டியது என்ன? போய் உள்ளதைச் சொல்லவேண்டும், காட்டை வெட்டிவிடுவார்கள், செண்டர் நிலைக்கும். ஒரு நிமிஷ வேலை. விஜயம்மா ஒரு வாரம் போகவில்லை.

ஏனென்றால் அந்த ஒரு வாரம் அவள் விதவையாக இருந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும், அது அவளுக்கு நன்றாகவே இருந்தது. விட்டுப்போனவன் பெண்டாட்டி என்பது வேறு. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரி குரலைத் தாழ்த்தி, "அவனப் பத்தி வல்ல விவரமும் உண்டா?" என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்பாள். இவளிடம் என்ன குறை கண்டு போனானோ என்று அந்தக் குரலுக்குள் இன்னொரு கேள்வி இருக்கும். விதவையிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. இந்த மண்ணில் ஒரே ஒரு வீட்டில் அவளை அந்தக் கேள்வி இல்லாமல் பார்த்திருக்கிறார்கள், ஆறு வருஷமாக எழுந்து நின்றிருக்கிறார்கள். அந்த மரியாதை எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்த உடனே தன் வாயாலேயே அதைக் கெடுக்கவேண்டும் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

மறு வாரம் திங்கட்கிழமை காலை அங்கன்வாடியைத் திறந்து பாய் விரிக்கப் போனாள். சன்னல் கம்பியில் ஒரு பாம்புச் சட்டை சுற்றிக் கிடந்தது. முழுச் சட்டை. தலைப்பக்கம் சன்னலுக்கு உள்ளே இருந்தது.

விஜயம்மா அதைக் குச்சியால் எடுத்து அடுப்பில் போட்டாள். பிள்ளைகளைத் தின்பண்டம் கொடுத்து முற்றத்தில் ஆயாவோடு உட்கார வைத்தாள். பிறகு நேரே நடந்தாள்.

அன்று கடலில் காற்று என்று ஸ்தனிஸ்லாஸ் வீட்டில் இருந்தார். சிசிலி மீன் கூடையைத் தலையில் ஏற்றப் போனவள், டீச்சர் முகத்தைப் பார்த்ததும் கீழே வைத்தாள்.

"நான் சொல்லுதத முழுசும் கேட்டுட்டுப் பேசுங்க" என்றாள் விஜயம்மா. "அந்தத் தென்னைக்க மூட்டுல ஆளு ஒண்ணும் இல்ல. கெடக்கது எனக்க பசுவாக்கும். எனக்க மாப்பிள சாகல்ல. என்னை விட்டுட்டுப் போயி கொட்டாரக்கரையில வேற ஒருத்திக்க கூட இருக்கான். ஞானையன் சொன்னது கள்ளம். அது போன வாரம் ஞாயித்துக்கிழமைதான் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு ஆழ்ச்ச சொல்லாம இருந்தது எனக்க குத்தம். இனி நீங்க என்னப் பத்தி என்ன நெனச்சாலும் செரி, அந்தக் காட்டை வெட்டுங்க. பிள்ளேளு உறங்கணும்."

குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. பட்டாளத்துக்காரன் காட்டுகிற தைரியத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அன்று அந்த முற்றத்தில் அவள் நின்ற நிற்பு அதற்குக் குறைந்ததல்ல.

"பசுவா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

சிசிலிதான் பேசினாள். "எனக்குத் தெரியும் டீச்சறே."

"என்னது தெரியும்?"

"அவரு சாகல்லன்னு. நான் கூடை எறக்காத வீடு இந்தப் பக்கத்துல உண்டா? இங்க வந்த மறு வருஷமே தெரியும்."

ஸ்தனிஸ்லாஸ் மனைவி பக்கம் திரும்பினார். "ஏட்டி, எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"உங்களுக்குக் கள்ளம் சொல்லத் தெரியாது. சொன்னா நீங்க காட்டை வெட்டுவிய. ஏன் வெட்டினேன்னு டீச்சர் கேட்டா உள்ளதச் சொல்லுவிய." பிறகு விஜயம்மாவிடம் திரும்பினாள். "டீச்சரேதான் ஞானையன்கிட்ட அப்பிடிச் சொல்லச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். உயிரோட இருக்கிய ஒரு மனுசன் செத்துப்போனான்னு டீச்சர் தீருமானிச்சா, அதுக்குத் தக்க காரணம் உண்டாயிருக்கும். பின்ன நான் எதுக்கு அவன உயிரோட கொண்டாந்து நிறுத்தணும்?"

விஜயம்மா தென்னையின் பக்கம் கையைக் காட்டினாள். "அப்போ மெழுகுதிரி? செத்தவன் இல்லன்னு தெரிஞ்சும் கொண்டு வச்சியே."

"அது டீச்சருக்கு வேண்டியாக்கும்" என்றாள் சிசிலி. "ஒத்தைக்கு இருக்கியளே. நல்லா இருக்கணும்னு."

அம்மிணிக்குப் பிறகு விஜயம்மா பிறர் பார்க்க அழுதது அன்றைக்குத்தான். ஸ்தனிஸ்லாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் வெட்டுக்கத்தியை எடுத்து வந்தார்.

மறுநாள் கடற்கரையிலிருந்து அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். டீச்சரும் அரிவாளோடு இறங்கினாள். மூன்று சென்டுக்குள்ளிருந்து இரண்டு சாக்குக் குப்பி, பதினொரு முளைத்த தேங்காய், ஊருடைய மற்ற பெருமைகள் எல்லாம் வெளியே வந்தன. குப்பிகளைச் சாக்கோடு கையாலை மேல் ரோட்டைப் பார்க்க இரண்டு நாள் வைத்திருக்கவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். எறிந்தவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் நடந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒன்றும் எறியவில்லை. ஜூன் ஒன்றாம் தேதி விமலகுமாரி வந்து சன்னல் வழியே பார்த்தாள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். செண்டர் அங்கேயே இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் டீச்சரைக் கண்டால் இன்னும் எழுந்து நிற்கத்தான் செய்தார். சிசிலி மட்டும் மாறிவிட்டாள். அதுவரை வாசலோடு நின்று மீன் கொடுத்துவிட்டுப் போகிறவள், இப்போது அடுக்களையில் வந்து உட்கார்ந்து கட்டன்சாயா கேட்டாள். டீச்சர் என்பது அக்கா ஆயிற்று.

ஆடி மாசம் ஒரு மழை நாளில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது கேட்டாள். "அக்கா, நான் ரோடெல்லாம் நடக்கிய ஆளு. அந்தக் கிருஷ்ணன்குட்டி என்னைக்காவது பாறசாலையில பஸ் எறங்கி வந்து, விஜயம்மாக்க வீடு எதுன்னு எனக்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்லட்டு?"

விஜயம்மா சாளை மீனின் செதிலை நீக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தென்னைக்க மூட்டுல கொண்டு காட்டு. பசுவுக்க பக்கத்துல ஒரு ஆளு கெடக்க எடம் உண்டுன்னு சொல்லு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மிணிக்குச் சம்மதமான்னு கேக்கணும்" என்றாள்.