மூக்குத்தி கழற்றிய அன்று

உத்தமபாளையத்தில் விறகடுப்பு வைத்து இட்லிக்கடை நடத்தியவள் நான். வாயால் தெருவையே அடக்கியவள் என்று பெயர். அந்த வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மூச்சில்லாமல் தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். உடம்பில் கெட்ட காற்று தேங்கிவிட்டது, மாஸ்க் வைத்து மிஷினால் காற்றைத் தள்ளிப் பார்ப்போம், இல்லாவிட்டால் தொண்டையில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் மாஸ்க்கை முகத்தில் வைத்து வாரை இழுத்துக் கட்டினாள். மிஷின் கத்தியது. என் எட்டுக்கல் மூக்குத்தியின் மேல் மாஸ்க்கின் விளிம்பு ஏறி நின்றது. காற்றெல்லாம் அந்தச் சந்து வழியாக என் கண்ணில் அடித்தது.

"யம்மா, மூக்குத்தியக் கழட்டணும். காத்துப் பூராம் வெளியதான் போகுது."

நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கல்யாணத்தன்று போட்டது, ஒரு நாளும் கழற்றியதில்லை. புருஷன் ஆயுசுக்காகப் பொத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊரை ஒட்டிய அனுமந்தன்பட்டிக்காரி ஒருத்தி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் இருக்கும்போதே மூளிமூக்கோடு கிடந்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாளே என்று பயந்தேன். உயிர் போகிற நேரத்தில் எனக்கு அதுதான் கவலை. வெட்கக்கேடு.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து விலக்கினார்.

"நான் குத்துக்கல்லாட்டம் இங்கனதான நிக்கிறேன். உசுரு எனக்கா போகுது, உனக்கா? எடு கைய."

திருகு அசையவில்லை. நர்ஸின் கையுறை வழுக்கியது. நாலு பேர் முன்னால் என் தோளைக்கூடத் தொடாத மனிதர், சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலை என் மூக்குக்குள் விட்டுத் திருகினார். சளி அவர் விரலெல்லாம் ஒழுகியது. எனக்கு உடம்பே கூசிப்போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒருவழியாகக் கழன்றது. மாஸ்க் படிந்தது, மிஷின் கத்துவதை நிறுத்தியது. காற்று நெஞ்சுக்குள் இறங்கியது.

கண்ணைத் திறந்ததும் பயந்துகொண்டே பக்கத்துக் கட்டிலைத்தான் பார்த்தேன். அந்தப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நடுவுல இருக்க அந்தத் திரைத்துணிய இழுத்து மூடிவிடு ஆத்தா, அவுக கூச்சப்படுறாகல்ல" என்று திரும்பாமலே நர்ஸிடம் சொன்னாள்.

இவள் வாய்க்குப் பயந்துதான் நான் சாகத் துணிந்திருந்தேன்.