ஏஜெண்டு கேட்ட கிராப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயாவின் ஜொகூர் பாருவில் சலூன் வைத்திருந்தேன். இரண்டு நாற்காலி, ரசம் போன ஒரு கண்ணாடி. அதன் பக்கத்தில் ஒரு தலைத் தைலத்தின் விளம்பரப் படம் தொங்கும். ஓரமாக வகிடெடுத்து, படிய வாரிய பளபள கிராப்பு. வருகிறவர்களெல்லாம் அதைக் காட்டித்தான் வெட்டச் சொல்வார்கள்.

ஒருநாள் அந்தத் தைலத்தின் ஏஜெண்டு சிங்கப்பூரிலிருந்து வந்தார்.

"படத்துல இருக்குற தலைய, வர்ற ஆளு யாருக்காவது நெசத்துல வெட்டிக் காட்டுங்க. சரியா வந்தா ஆளுயரக் கண்ணாடி ஒங்க கடைக்குத்தான். நாலு மணி ரயிலுக்கு நான் போகணும்."

மூன்று மணி வரை ஈ காக்கை வரவில்லை. வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்து கால் ஓய்ந்தேன்.

அப்போதுதான் வீரய்யா வந்தார். தம்போய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர். கழுத்தை மறைக்கும் முடி, அடர்ந்த தாடி.

"தலைவலிண்ணே. கொஞ்சம் எண்ணெய் வச்சுத் தேச்சு வுடுங்க லா."

தேய்த்தேன். விடியுமுன் எழுந்து வேலை செய்தவர், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

"தலை மட்டும் போதும், தாடி கெடக்கட்டும். வெட்டுங்க!" என்று அவசரப்படுத்தினார் ஏஜெண்டு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி முடி வளர்த்தவரைக் கண்டால், கத்தரி எடுக்குமுன் "வீட்ல விசேஷமா?" என்று கேட்போம். மனைவி மாசமாக இருந்தால், பிள்ளை பிறக்கும்வரை கணவர் முடி வெட்ட மாட்டார். எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுப்பிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

வெட்டி, தைலம் தடவி, வாரி முடித்தேன். ஏஜெண்டு கைதட்டிய சத்தத்தில் வீரய்யா கண் விழித்தார். பிடரியைத் தடவிப் பார்த்தார்.

"அலமாக்! என்னண்ணே செஞ்சிட்டீங்க? அஞ்சலைக்கு இது எட்டாம் மாசம். முன்ன ரெண்டும் தங்கலண்ணே..."

துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

கண்ணாடி வந்து சேர்ந்தது. அதன் முன்னால் நிற்கவே எனக்குக் கூசியது. தம்போய் ஆட்கள் யார் வந்தாலும் முதலில் அஞ்சலையைப் பற்றித்தான் விசாரித்தேன். அதே நினைப்பில் ஒருவர் காதைக் கீறிவிட்டேன். சாங்கியங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், என் கத்தரிதான் காரணம் என்று ஊர் சொல்லும். நானும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

அடுத்த மாதம் வீரய்யாவே வந்தார். தலையில் துண்டு இல்லை.

"பொம்பளப் புள்ளண்ணே. ரெண்டு பேரும் சொகம். இத்தன நாளும் தலைவலின்னு சொல்லித் துண்ட அவுக்கவே இல்ல. நேத்துதான் அவகிட்ட உண்மையச் சொன்னேன்."

வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுவருடம் பிள்ளைக்கு முதல் மொட்டை போட என்னையே கூப்பிட்டார்கள். தலையை நனைத்துக் கத்தியை விரித்தேன். மடியில் பிள்ளையை வைத்திருந்த அஞ்சலை அதன் தலைமேல் கையை வைத்து மறைத்தாள்.

"இருங்கண்ணே. இந்த வாட்டியாவது கேட்டீங்களா?"

"எடுக்கலாமாம்மா?" என்றேன். அதன் பிறகுதான் கையை எடுத்தாள்.

சலூன் வைக்கப்போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். தூங்குகிறவரை எழுப்பிக் கேளுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று தெரிந்தால், கட்டாயம் கேளுங்கள்.